பல்லில் வைத்துப் பார்க்காத வளையம்

வாழ்நாளில் மூன்றே தடவை கடலைக் கண்ட ஒரு மனிதர், மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களுக்கு வளையம் வெட்டிக் கொடுத்தார். கொழும்புக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளிநாட்டுச் சாமான் வராமல் அடைபட்டிருந்த அந்த வருடங்களில் துறைமுகத்துப் பட்டறைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மலையேறி வந்து தேடியது இந்த மனிதரைத்தான்.

அவர் பெயர் ஸக்கரியா. ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அண்ணன் முறையில் ஸக்கரியா நானா. திருகோணமலை வீதிக்குப் பின்னால், மிளகு காயப்போடுகிற முற்றம் ஒன்றை ஒட்டி அவருடைய பட்டறை. நான் அப்போது மாத்தளைத் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவன். என் அப்பா ரபாயேலும் அவரும் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒன்றாக எஞ்சின் பார்த்தவர்கள். அந்த உரிமையில் வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன், அவரைச் சீண்டுவேன். கோபம் வராத மனிதரைச் சீண்டுவதில் என்ன ருசி என்று கேட்காதீர்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே பட்டுக்கொள்வேன்.

இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ கசியாமல் நடுவில் வைக்கிற வாசர், வளையம், மூடிப் பட்டை, இவைதான் அவர் தொழில். வெட்டுவது பெரிய காரியமில்லை; அச்சு இருந்தால் யாரும் வெட்டலாம். எதில் வெட்டுவது என்பதுதான் விஷயம். கடல் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு நம் ஊர் றப்பர் போதும், வருடக்கணக்கில் நிற்கும். நீராவி போகும் குழாய்க்குக் கல்நார்த் தகடு. எண்ணெய் படும் இடத்துக்கு மட்டும் ஊர் றப்பர் ஆகவே ஆகாது. தண்ணீரில் போட்ட உளுந்து மாதிரி ஊதி, மெத்தென்றாகி, பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்கென்று வெளிநாட்டில் செய்கிற ஒரு றப்பர் உண்டு. கப்பல்காரர்கள் நைட்ரில் என்பார்கள். ஸக்கரியா நானாவுக்கு அது சீமை றப்பர். கொழும்பில் கப்பல் பழுதுபார்க்கிற றஹீம் முதலாளி பழைய கப்பல்களில் கழற்றியதையும் எங்கிருந்தோ கிடைத்ததையும் அவருக்கு அனுப்புவார். அதை ஒரு தகரப் பெட்டியில், பெண்பிள்ளையின் நகையைப்போல வைத்திருந்தார்.

இரண்டுமே கறுப்பு. இரண்டின் மேலும் ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பொடி தூவியிருக்கும். கையில் எடுத்தால் எனக்கு எது எதுவென்று கடைசிவரை தெரியவில்லை. அவருக்குத் தெரியும். ஓரத்தில் ஒரு துணுக்கு கிள்ளிக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். ஊர் றப்பர் பல்லைத் தள்ளிக்கொண்டு எழும்பும், றப்பரை உலர்த்துகிற புகைக்கூட்டின் வாசம் நாக்கில் நிற்கும். சீமை றப்பர் பல்லுக்கு மொத்தையாக இருக்கும், லேசாகக் கசக்கும். கடித்துத் துப்பிவிட்டுத்தான் அச்சைக் கையில் எடுப்பார். "நானா, ஒங்களுக்கு பகல் சாப்பாடே தேவையில்ல போல" என்பேன் நான்.

அவர் இயல்பிலேயே பயந்த மனிதர். பெட்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு நாள் எஞ்சினின் எண்ணெய்க் குழாயில் யாரோ தவறான வாசரைப் போட்டுவிட்டார்கள். கசிந்த எண்ணெய் சூட்டுக் குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. உள்ளே நின்ற ஆள் எரிந்துகொண்டே வெளியே ஓடி வந்ததை ஸக்கரியா நானா பார்த்திருக்கிறார். என் அப்பாவும் பார்த்தார். அந்த ஆளின் பெயரை இரண்டு பேருமே என்னிடம் சொன்னதில்லை.

எழுபத்திரண்டாம் வருடத்து நோன்பு மாதம். ஸக்கரியா நானாவின் ஒரே மகள் கைறுன்னிஸா ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய புருஷன் பாறூக்குக்கு, மாலைதீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போய் மாசிக் கருவாடு ஏற்றி வருகிற 'ஹஸீனா' என்ற பழைய கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. கப்பல் பழுதுக்காகக் கொழும்பில் நின்றது. டீசல் வடிகட்டியின் மூடிக்கு நான்கு வளையம் வேண்டும் என்று றஹீம் முதலாளி அவனையே அனுப்பிவைத்தார். அவன் பெருநாளுக்கு ஆறு நாள் முன்னால், மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினான். மாலை ரயிலில் திரும்பிவிட வேண்டும்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் ஸக்கரியா நானா எண்ணெய் வேலையைப் பகலில் தொடமாட்டார். வாயில் எதையும் வைக்கக்கூடாதே. நோன்பு துறந்து கஞ்சி குடித்த பிறகு வந்து கடித்துப் பார்த்து வெட்டுவார். கொஞ்சம் நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளியில் யாரோ சொன்னார்களாம். சந்தேகத்துக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வருடம் முழுவதும் பயந்து நடக்கிற மனிதர் அந்த மாதத்தில் இரட்டிப்பாகப் பயந்து நடப்பார்.

அன்றைக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து சீமை றப்பரை மேசைமேல் வைத்தார். அதே மேசையில் காலையில் ஒரு தண்ணீர்ப் பம்புக்காக எடுத்த ஊர் றப்பரும் கிடந்தது. பாறூக் வாசலில் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாரிடம் சீக்கிரம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்தான். அவர் ஒன்றை இழுத்து, விரலால் அமுக்கிப் பார்த்து, நான்கு வளையம் வெட்டினார். கடிக்கவில்லை. தாளில் சுற்றிக் கொடுத்தார். அவன் ஓடினான்.

மேசையை ஒதுக்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டிக்குள் திரும்ப வைத்த சீமை றப்பர், எடுத்தபோது இருந்த அளவே இருப்பதுபோலத் தோன்றியது. நான்கு வளையம் வெட்டியதில் ஒரு மூலையாவது குறைந்திருக்க வேண்டாமா? பசியில் கண் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். வளையத்தின் நடுவிலிருந்து விழுந்த வட்டத் துண்டு ஒன்று கீழே கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நோன்பு துறந்ததும் கடித்துப் பார்ப்போம் என்று.

கடிக்கவில்லை.

அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. பேரீச்சம்பழத்தை எடுக்கிற கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். இரவுத் தொழுகைக்கு நேரமாகிறது என்பார். பல்லில் வலி என்பார். கடித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டும். யாரிடம் என்னவென்று சொல்வது? சொந்த மருமகனிடம், நான் உன்னை எரிக்கப் பார்த்தேன் என்றா? தெரியாதவரை அது சீமை றப்பராகவும் இருக்கலாம் அல்லவா! இப்படி ஐந்து நாள் ஓட்டியிருக்கிறார். இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னார். கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் இருந்த அச்சைத் தூக்கி எறிந்தேன். இன்றைக்கு யோசித்தால், நோய் என்று தெரிந்துவிடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளாமல் நானும் மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது.

பெருநாள் விடிந்தது. தந்திக்காக மட்டும் காலையில் கந்தோர் திறந்திருந்தது. முஸ்லிம் பண்டிகை என்பதால் முறை என்னுடையது. மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும். புதுச் சாரமும் தொப்பியுமாக ஸக்கரியா நானா உள்ளே வந்தார். பெருநாள் பலகாரமாக வட்டிலப்பம் கொண்டுவருகிறார் என்று நினைத்து எழுந்தேன். கையில் ஒன்றுமில்லை. முகம் சுண்ணாம்பு பூசின சுவர்போல வெளுத்திருந்தது.

"கிறிஸ்தோபர், ஊர் றப்பர வெட்டி குடுத்துட்டேன். டீசலுக்கு."

"யாருக்கு?"

"பாறூக்குக்கு. இப்பதான் கடிச்சுப் பாத்தேன். தொழுதுட்டு வந்து, இன்னைக்கு நோன்பு இல்லதானே, இனி எந்த சாக்கும் இல்லன்னு கடிச்சேன். பொக வாசம் அடிக்குது."

கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கப்பல் நாளைக் காலைதான் புறப்படும், இன்றைக்குச் செய்தி போனால் கழற்றிவிடலாம் என்றார். டீசல் பம்பிலிருந்து வருகிற வேகத்தில் அந்த மூடி கசிந்தால், பக்கத்தில் கொதிக்கிற புகைக்குழாய். இதை அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எரிந்துகொண்டே ஓடி வந்த ஆளை இரண்டு பேருமே நினைத்தோம்.

றஹீம் முதலாளியின் பட்டறை பூட்டிக் கிடக்கும் நாள். ஆகவே கப்பலின் ஏஜென்ட் கந்தோருக்கு அவசரத் தந்தி அடித்தேன். பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அவர் நின்றுகொண்டே கலிமா ஓதிக்கொண்டிருந்தார். நான் என் சட்டைக்குள் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பதிலை எழுதிக்கொள்ளும்போதே என் பென்சில் நின்றுவிட்டது. சரக்கு ஏற்றி முடிந்துவிட்டதால் ஹஸீனா ஒரு நாள் முன்னதாக, அன்று காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிட்டது.

வாசித்துச் சொன்னேன். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மாலைதீவுக்கு எத்தன நாள்?"

"ரெண்டரை, மூணு."

"அது வரைக்கும் தாங்காது" என்றார். "ஏற்கனவே துறைமுகத்துல வெச்சு மாட்டி டீசல் பட்டிருக்கும். ஊறத் தொடங்கியிருக்கும்."

கடலில் போகும் கப்பலோடு பேசுகிற கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்று கொழும்பில் உண்டு. நம் கந்தோரிலிருந்தும் அதற்குச் செய்தி அனுப்பலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. மாத்தளையிலிருந்து கப்பலுக்குத் தந்தி அடித்தவன் எனக்கு முன்னால் எவனும் இருந்திருக்கமாட்டான். தாளை எடுத்தேன். "என்ன எழுதட்டும்? வளையத்தக் கழட்டுன்னா?"

"கழட்டிட்டு எதப் போடுவாங்க? கப்பல்ல சீமை றப்பர் இல்ல. இருந்தா எங்கிட்ட ஏன் வாறான்?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்க்கப் பார்க்க அந்த மனிதர் மாறினார். பயம் போகவில்லை. ஆனால் பட்டறையில் நிற்கிற ஸக்கரியா நானா திரும்பி வந்துவிட்டார். "கடதாசி மட்டை போடலாம். நனைஞ்சா கிழியும், கப்பல் ஆட்டத்துக்கு நிக்காது. செம்புத் தகடு போடலாம், பதப்படுத்தத் தெரியணும். தோல்... தோல் எண்ணெய்க்குப் பயப்படாது. அந்தக் காலத்துல தோல்தான் போட்டோம்." கண்ணைத் திறந்தார். "பாறூக் சாரத்துக்கு மேல கட்டுற அகலத் தோல் வார் ஈக்குது. நல்ல தடிப்பு. நாலு வளையம் வரும். வெட்டி, மெஷின் எண்ணெயில ஊறப்போட்டு, தோலோட மயிர்ப்பக்கத்த மூடிக்கு வெச்சு இறுக்கச் சொல்லு. எஞ்சின் நிப்பாட்டி செய்யச் சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மழையில் லைன் இரண்டு தடவை அறுந்து, திரும்ப வந்தது. பிற்பகல் வரை கந்தோரை மூடாமல் வைத்திருந்தேன். கொழும்பு நிலையம் செய்தியை வாங்கிக்கொண்டது. கூப்பிட்டும் கப்பல் பதில் சொல்லவில்லை, தொடர்ந்து கூப்பிடுகிறோம் என்றது. அவ்வளவுதான்.

"வீட்டுல சொல்லாத" என்றார் போகும்போது. "அவ வயித்துப் புள்ளக்காரி."

நான் சொல்லத்தான் முடியாது. தந்தியில் போவதையும் வருவதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தவன். மறுநாள் காலை கந்தோரைத் திறக்கும்போது கைறுன்னிஸா குடையோடு படியில் நின்றாள். தாய் றாபியா தெரு முனையில் காத்திருந்தாள்.

"கிறிஸ்தோபர் அண்ணே, வாப்பா பெருநாள் சோறு ஒரு பிடிகூட சாப்பிடல்ல. ராவெல்லாம் முழிச்சிருந்தாங்க. நேத்து இங்க எதுக்கு வந்தாங்க? அவருக்கு ஏதும்...?"

கண்ணைப் பார்த்து, றஹீம் முதலாளிக்குப் பெருநாள் வாழ்த்து அடிக்க வந்தார் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவள் தலையாட்டிவிட்டு, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கொழும்பு நிலையத்திலிருந்து ஒரு வரி வந்தது: காலை ஏழரைக்குச் செய்தி கப்பலுக்குக் கொடுக்கப்பட்டது. கப்பலில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தந்திக் கருவி தட்டும் ஒவ்வொரு தடவையும் பென்சிலோடு பாய்ந்தேன். பல்லேகமவிலிருந்து ஒரு கல்யாணச் செய்தி, எவனோ ஒருவனின் இடமாற்றம், இப்படி எது வந்தாலும் முதல் எழுத்தைக் கேட்கும்வரை மூச்சு விடவில்லை. ஸக்கரியா நானா காலையும் மாலையும் வந்து வாசலில் நிற்பார். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார். அந்த நாட்களில் ஆள் பாதியாகிவிட்டார். சட்டைப் பையில் இன்னும் அந்தத் துண்டை வைத்திருந்தார். ஒரு போத்தல் டீசலில் போட்டு எடுத்து என்னிடம் காட்டினார். தோசைமாவு மாதிரி பொங்கியிருந்தது. ஏன் நானா இதைச் செய்து உங்களையே வதைக்கிறீர்கள் என்று கத்தினேன். போத்தலை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் மாலையில் மாலேயிலிருந்து வந்தது. 'சுகமாகச் சேர்ந்தோம். பாறூக்.' கந்தோரை அப்படியே திறந்து போட்டுவிட்டு மழையில் ஓடினேன். அவர் பட்டறையில் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நானும்தான்.

மூன்று வாரம் கழித்துப் பாறூக் வந்தான். இடுப்பில் வாருக்குப் பதிலாக ஒரு கயிறு. றாபியா ஆட்டிறைச்சி சமைத்து என்னையும் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஸக்கரியா நானா எல்லோர் முன்னாலும் பேச ஆரம்பித்தார். கடிக்காமல் வெட்டியது, சந்தேகம் வந்தது, ஐந்து நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது, ஒன்றையும் விடவில்லை. தலை குனிந்திருந்தது. பேச்சு முடிந்ததும், "மகன், நீங்க என்னத்தச் சொன்னாலும் நான் கேட்டுக்கொள்றேன்" என்றார்.

பாறூக் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"மாமா, எனக்கும் தெரியும்" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை.

"கொழும்புல மாட்டின ரெண்டாம் நாளே ஓரம் பிதுங்கிச்சு. நகத்தால அழுத்தினேன், மெத்துன்னு இருந்திச்சு. இஞ்சினியர்ட்ட சொன்னா மாமனார் சாமான் கூடாதுன்னு ஆயிரும். துறைமுகம் முழுக்கப் பேசுவாங்க. ஒங்களுக்கு மரியாதை இல்லாமப் போயிரும்னு நெனச்சேன். துணியால தொடச்சுத் தொடச்சு வெச்சேன். கடலுக்குப் போன அன்னைக்கு ராவு மூடியில டீசல் கோடா வழிஞ்சிச்சு. பக்கத்துலேயே ஒக்காந்து தொடச்சிக்கிட்டே இருந்தேன். காலையில தந்தி வந்த பொறகுதான் இஞ்சினியர்ட்ட சொன்னேன்."

ஸக்கரியா நானா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். தந்திக்குக் காத்திருந்த அந்த நாட்களில்கூட நான் அந்த முகத்தில் அப்படியொரு பயத்தைக் கண்டதில்லை. அவர் கை தட்டி, தண்ணீர்க் குவளை கவிழ்ந்து பாயெல்லாம் ஓடியது. அதைத் துடைக்க யாரும் எழும்பவில்லை.

கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்த கைறுன்னிஸா முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வாப்பாவுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒங்களுக்கும் தெரியும். அன்னைக்கு அந்தப் படியில வெச்சு என் மொகத்தப் பாத்தீங்க. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டீங்க. நான் மட்டும் இந்தப் புள்ளைக்கு வாப்பா வாறாரு, வாறாருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்து, பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாயில் ஓடிய தண்ணீரைத் தன் முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.